பெட்ரோல் போன வழி

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது ஸ்பேனர் பிடிக்க வந்துவிட்ட தங்கச்சிகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டிதான் வண்டி என்று புலம்ப நான் வரவில்லை. தீப்பொறிக்கான பாயிண்ட் தேய்ந்து, கண்டென்சர் செத்து, நல்ல மழை பெய்தால் கிளம்பாமல் நின்று எங்கள் உயிரை வாங்கிய வண்டிகள் அவை. எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை இன்றைக்கு உங்கள் வண்டியில் ஒரு சின்னப் பெட்டி தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரொம்ப நல்லது. அந்தப் பெட்டி எனக்கு அப்போதே கிடைத்திருந்தால் என் முதுகு இன்னும் நேராக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் அன்றும் இன்றும் ஒன்றுதான். நம்மிடம் வண்டியை விடுகிறவர்களில் சிலர் வண்டியைப் பார்க்கச் சொல்வதில்லை, ஓர் ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். ‘வண்டியில் கோளாறு இல்லை’ என்று நாம் கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தையில் வேறு எங்கோ ஒருவன் கெட்டவனாகிப் போவான். அப்படி ஒரு வண்டி எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் என் பட்டறைக்கு வந்தது.

வெள்ளை அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. அதன் சொந்தக்காரர் ஊரில் நூல் மில் வைத்திருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்கு ஒரு பஞ்சு அரவை இருந்தது. அதனால் அந்தக் காருக்குத் தினமும் இரண்டு ஊருக்கும் நடுவே போய்வருகிற வேலை. அவர் பெயர் வேண்டாம். ஊரே முதலாளி என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் வண்டி தெரிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்துவிடுவார். பிளக் கழற்றுவார், பாயிண்ட் தேய்ப்பார். தீப்பொறி விழுகிற நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் ஒன்றை மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து வைத்திருந்தார். ஊரில் பல மெக்கானிக்குகளிடமே அது கிடையாது. நாங்கள் காதை வைத்தும் பல்பை வைத்தும் டைமிங் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காரின் டிரைவர் செல்லையா, சேத்தூர்க்காரர். காலையில் பஸ் பிடித்து வந்து மில் ஷெட்டில் வண்டியை எடுப்பார். அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி பேச்சியம்மாளும் அதே மில்லில் ஷிப்டு வேலை பார்த்தாள். இருவருக்கும் சோறு போட்டது அந்த ஒரு மில்தான்.

ஒரு நாள் காலையில் முதலாளியே காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். செல்லையாவைக் காணோம். கதவை அறைந்து சாத்தியதிலேயே கோபம் தெரிந்தது.

“மெக்கானிக்கு, இந்த வண்டிய நல்லாப் பாத்துச் சொல்லு. பெட்ரோல் கண்டபடி போகுது. முந்தி ரொப்பினா வாரக் கணக்குல ஓடும். இப்பம் பாதியிலயே முள்ளு கீழ வந்திருது.”

“பாத்திருவோம் மொதலாளி. செல்லையா எங்க?”

“அவன்ட்ட இருந்து சாவிய வாங்கியாச்சு. டைமிங்க நானே போன மாசம் பக்காவா வச்சேன். வண்டி முந்தியவிட நல்லா ஓடணும். ஆனா எண்ணெய் மட்டும் காணாமப் போகுது. அப்படின்னா என்ன அர்த்தம்? டியூப் வச்சு உறிஞ்சி விக்கான். எனக்குச் சந்தேகமே கெடயாது. இருந்தாலும் உன் வாயாலயும் கேட்டுக்கிடுவோம்னு வந்தேன். சாயங்காலம் வாரேன். வண்டி நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னு சொல்லிரு. வேற டிரைவருக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் மில்லின் வேன், லாரி எல்லாம் என் பட்டறைக்குத்தான் வரும். அவருக்கு வேண்டிய பதில் என்ன என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதிலை முதலில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்களிடம் வாய் கொடுக்காதீர்கள், தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திறங்கள்.

நான் நல்ல மெக்கானிக். இந்த வயதில் பணிவுக்காகப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெட்ரோல் குடிக்கிற வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் மதியத்துக்குள் பார்த்துவிட்டேன். டேங்கில் ஒழுகல் இல்லை. கார்புரேட்டர் சுத்தம். பிரேக் எந்தச் சக்கரத்தையும் பிடிக்கவில்லை. பிளக் நல்ல நிறம். டைமிங்? பல்பு வைத்துப் பார்த்தேன், புல்லியில் இருக்கிற கோடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது. முதலாளி பக்கா என்று சொன்னது பொய்யில்லை. நானே வைத்திருந்தாலும் அதைவிட நன்றாக வைத்திருக்க முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மாள் வந்தாள். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு காரைத்தான் முதலில் பார்த்தாள்.

“அண்ணாச்சி, வண்டியில ஏதும் இருக்கா?”

“இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்மா. செல்லையா எங்க?”

“வீட்டுலதான் படுத்திருக்காவ. எந்திரிக்கவே இல்ல. ஒரு வாய்ச் சோறு எறங்கல. நேத்துக் காலையில மில்லு கேட்டுல, ஷிப்டு மாறுற நேரத்துல, அம்புட்டுச் சனமும் பாக்க சாவியக் குடுன்னு கைய நீட்டிட்டாவ மொதலாளி. நானும் அந்தக் கூட்டத்துலதான் நிக்கேன் அண்ணாச்சி. என் கண்ணு முன்னால.”

“நீ ஒண்ணும் சொல்லலயா?”

“என்னத்தச் சொல்ல? இன்னைக்கு உள்ள போனா, எம் மெஷினுக்குப் பக்கத்துல நிக்கிறவ கேக்கா, ஏட்டி, வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்பா, பெட்ரோல் அடுப்பான்னு. சிரிக்காளுவ.” அழவில்லை அவள். கோபத்தில் குரல்தான் ஏறியது. “அவிய எடுத்திருந்தா நானே உங்ககிட்டச் சொல்லிருவேன். எடுக்கல. நீங்க வண்டி நல்லாருக்குன்னு ஒரு சொல் சொல்லிட்டா, பொறவு இந்த ஊருல அவியள நம்பி எவன் சாவி குடுப்பான்?”

உண்மைதான் அது. ராஜபாளையத்தில் டிரைவருக்குக் கைத்திறனைவிடப் பெயர்தான் முக்கியம். எண்ணெய்த் திருடன் என்று ஒரு மில் கேட்டில் சொன்னால் மறுநாள் எல்லா மில் கேட்டிலும் தெரிந்துவிடும். அவளுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. “சாயங்காலம் வரை பாக்கேன், நீ வீட்டுக்குப் போ. அவர எழுப்பிச் சாப்பிட வை” என்று மட்டும் சொன்னேன். ஆறுதலுக்காகக்கூட முடிவு தெரியாத விஷயத்தில் நம் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அவள் போனதும் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

சும்மா நிற்கிற வண்டி எல்லாவற்றையும் சொல்லாது, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று எடுத்தேன். பக்கத்து டீக்கடையில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த நான்கு பேரை ஏற்றிக்கொண்டேன். வண்டிக்குப் பாரமும் ஆச்சு, அவர்களுக்கு அய்யனாரைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. அய்யனார் கோவில் ரோட்டில், மலையடிவாரத்து ஏற்றத்தில் அழுத்திப் பிடித்தேன். வண்டி என்ன போக்குப் போனது தெரியுமா! தட்டல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், “அண்ணாச்சி, இந்த வண்டிக்கா வைத்தியம் பாக்கீய?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறு என்று ஏதாவது ஒன்று கிடைக்கும் என்றுதான் மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தேன். வண்டி நல்லாருக்கு என்று சொல்வதற்கான எல்லாக் காரணமும் இப்போது என் கையில் இருந்தது. அந்த நிமிஷம் செல்லையாவைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம் வந்துபோனதை மறைக்க மாட்டேன்.

அவர்களை இறக்கிவிட்டுவிட்டு, காரை ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திருப்பினேன். ஏன் என்று கேட்டால், செல்லையா தினமும் ஓட்டியது அந்த ரோட்டில். மலையில் ஏறுவது அந்தக் காரின் வேலையே இல்லை. சமதரையில், ஒரே சீராக, பின் சீட்டில் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டு வரும்படி போவதுதான் அதன் வேலை. ஒரு பொருளைச் சோதிக்க வேண்டுமானால் அது தினமும் செய்கிற வேலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஊர் தாண்டி, புளியமர வரிசைக்கு நடுவே, சீரான வேகத்தில் விட்டேன்.

அங்கே என் வலது கால் ஒன்றைச் சொன்னது. அந்த வேகத்தைப் பிடித்து வைக்க, ஆக்ஸிலேட்டரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம்தான். சத்தத்தில் வித்தியாசம் இல்லை, உதறல் இல்லை. வெப்பம் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன், மலை ஏறும்போது நின்ற இடத்தைவிட ஒரு மயிரிழை மேலே நின்றது. ஏற்றத்தில் சூடாகாத எஞ்சின் சமதரையில் ஏன் சூடாக வேண்டும்? ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு யோசித்தேன். பிறகு வண்டியைத் திருப்பினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே தீப்பொறி விழ வேண்டும். அதுதான் டைமிங். பாரம் இல்லாமல் சமதரையில் போகும்போது உள்ளே போகிற பெட்ரோல் குறைவு, அது மெதுவாக எரியும். ஈர விறகு என்றால் வீட்டில் அடுப்பை முன்கூட்டியே பற்ற வைப்பார்கள் அல்லவா, அதுபோல் அப்போது தீப்பொறியும் இன்னும் முந்த வேண்டும். அந்த வேலையைச் செய்ய தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் வட்டமாக ஒரு தகர டப்பா இருக்கும். கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்கு வரும். எஞ்சின் இழுக்கிற காற்று அந்தக் குழாய் வழியே டப்பாவுக்குள் இருக்கிற சவ்வை இழுக்கும், சவ்வு உள்ளே இருக்கிற தட்டைத் திருப்பும், தீப்பொறி முந்தும். வாக்குவம் அட்வான்ஸ் என்பது இதுதான். ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது அதற்கு வேலையே இல்லை. அது செத்துக் கிடந்தாலும் வண்டி மலை ஏறும், நன்றாக ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் அழகாக ஓடும். சமதரையில் மட்டும் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், கொஞ்சம் சூடும் ஆகும். யாருக்கும் தெரியாது.

டப்பாவின் சவ்வு கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். அதைச் சோதிக்க எங்களிடம் கருவி கிடையாது, நாக்குதான். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, நாக்கை அதன் நுனியில் வைக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டால் சவ்வு நன்றாக இருக்கிறது. ஒட்டாவிட்டால் கிழிசல். ஊரில் எல்லோரும் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

உறிஞ்சினேன். நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. டப்பா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் உறிஞ்சுவதற்கு முன்பே நான் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். நாக்கு ஒட்டினால் உள்ளே தட்டு டக்கென்று நகர வேண்டும். மறுபடியும் உறிஞ்சினேன், கண்ணைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு. தட்டு அசையவில்லை. நாக்கு நல்லாருக்கு என்கிறது, கண் இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஏதோ இருக்க வேண்டும்.

குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். டப்பாவோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் மூட்டு. அமுக்கினால் அமுங்க வேண்டிய ரப்பர், கல் மாதிரி இருந்தது. பாதி இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. பஞ்சு. கிரீஸ் தடவி, இறுக்கமாகத் திரித்து, ஆழமாகச் செருகிய பஞ்சு.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. டைமிங் பார்க்கும்போது அந்தக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைக்க வேண்டும், வேலை முடிந்ததும் அடைப்பை எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். அடைப்பை எடுக்க யாரோ மறந்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் ஒரு ஆணியையோ போல்ட்டையோ வைத்து அடைப்பார்கள், அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மறந்தாலும் ரப்பர் மாட்டாது. பஞ்சு ஊரில் எல்லாவற்றுக்கும் பஞ்சுதான். அது உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும், மேலே ரப்பரும் சுகமாக ஏறிவிடும். பட்டறைகளில் நாங்கள் வைத்திருந்தது மில்லில் கழித்த கலர் நூல் வேஸ்ட். இதுவோ மில்லுக்குள்ளே மட்டும் கிடைக்கிற, சிக்கெடுத்த புதுப் பஞ்சு. நானோ அடைப்புக்கு ஆணி வைக்கிறவன். செல்லையா டைமிங் பக்கமே போக மாட்டார். அந்த பானெட்டை வேறு யார் திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கை பரபரவென்றது. இழுத்து எறிந்துவிட்டு, மாட்டி, வண்டியை ஓட்டி, அது குதிரை மாதிரி போவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கோளாறைக் கண்ட மெக்கானிக்கின் கை நிற்காது. ஆனால் அங்கேதான் நான் கையை எடுத்துக்கொண்டேன். ரப்பரை இருந்த மாதிரியே தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். என் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அந்த ரிப்பேரைச் செய்யாமல் விட்டது.

யோசித்துப் பாருங்கள். பஞ்சை நான் எடுத்துவிட்டு, “ஒரு அடைப்பு இருந்துச்சு, எடுத்துட்டேன்” என்று சொன்னால் முதலாளி என்ன நினைப்பார்? மெக்கானிக் டிரைவருக்குப் பரிந்து பேசுகிறான் என்பார். இனி பெட்ரோல் சரியாக நின்றால், பயந்துபோய்த் திருடாமல் இருக்கிறான் என்பார். கையில் எடுத்துவிட்ட பஞ்சு எந்தக் குழாயில் இருந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. குழாய்க்குள் இருக்கும் வரைதான் அது சாட்சி.

சாயங்காலம் முதலாளி வந்தார். “என்ன மெக்கானிக்கு, நல்லாருக்கா?”

“டைமிங் பக்கா மொதலாளி. நீங்க வச்சதுல ஒரு கொறையும் இல்ல.”

“நாந்தான் சொன்னேன்லா.”

“வாக்குவத்துலதான் ஒரு சந்தேகம். நான் இன்னும் கை வைக்கல. இந்த ரப்பர நீங்களே கழட்டிப் பாருங்களேன். உங்களுக்குத் தெரியாத வண்டியா?”

அவருக்கு அது பிடித்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். ரப்பரை இழுத்தார். வெள்ளை நுனி தெரிந்ததும் கை நின்றது. இரண்டு விரலால் பற்றி மெதுவாக இழுத்தார், திரி நீளமாக வந்தது. கிரீஸும் பஞ்சுமாக அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மனிதன் தன் தவற்றைப் பார்க்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

“நேனே,” என்றார். வீட்டில் பேசுகிற தெலுங்கு தன்னாலே வாயில் வந்துவிட்டது. “நான்தான். நான்தான் வச்சேன். அன்னைக்கு மில்லுல கரண்டு போச்சுன்னு ஆள் ஓடி வந்தான். அவசரத்துல அப்படியே மாட்டிட்டுப் போயிட்டேன்.”

அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கெட்டவராக இருந்திருந்தால் பஞ்சை வைத்தது செல்லையா என்று சொல்லியிருக்கலாம். மறுக்க யாரும் இல்லை.

பிறகு எழுந்தார். “சரி. நடந்தது நடந்துபோச்சு. செல்லையாவ நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிருதேன். இந்தப் பஞ்சு விசயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், என்ன?”

இங்கேதான் எனக்குச் சோதனை. ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். செல்லையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும், எனக்கும் மில் வேலை கைவிட்டுப் போகாது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வாசலில் நின்றவள் கண் முன்னால் நின்றாள். வேலையைத் திரும்பக் கொடுத்தால் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறுத்துவார்களா? மன்னித்துவிட்டார் முதலாளி, பெரிய மனசு என்றுதான் பேசுவார்கள். செல்லையா சாகும்வரை மன்னிக்கப்பட்ட திருடனாக அந்தக் காரை ஓட்ட வேண்டும்.

“மொதலாளி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. சாவிய அவர்ட்ட இருந்து எங்க வச்சு வாங்குனீங்க?”

“மில்லு கேட்டுல.”

“எந்நேரம்?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அங்க வச்சே, அதே நேரத்துல குடுத்திருங்க மொதலாளி. வாங்குன எடத்துலதான் திருப்பிக் குடுக்கணும்.”

“எனக்கு நீ சொல்லிக் குடுக்கியா?” என்றார். பஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைத் தன் கையாலேயே சரியாக மாட்டி, பானெட்டை மூடிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. மில் வேலை இனி வராது என்றுதான் நினைத்தேன். வருத்தமாக இருந்தது, ஆனால் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

மறுநாள் காலை ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு மில் கேட்டுக்கு எதிர்க்கடையில் போய் டீ சொல்லிவிட்டு நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன். சங்கு ஊதியது. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகக் கேட்டில் கூட்டம். அப்போது சேத்தூர் பக்கமிருந்து வெள்ளை அம்பாசிடர் வந்தது. ஓட்டி வந்தவர் முதலாளி. பக்கத்து சீட்டில் செல்லையா, கூச்சத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு வரைக்கும் போய்க் கூட்டி வந்திருக்கிறார்.

முதலாளி இறங்கினார். கார் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் யாரும் நகர முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் கிரீஸ் திரியை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

“பெட்ரோலக் குடிச்சது இது. இத வண்டிக்குள்ள வச்சது என் கை. செல்லையா ஒரு சொட்டு எடுக்கல. நான் அவர இந்த எடத்துல வச்சுத் தப்பாச் சொன்னேன். இந்த எடத்துலயே சொல்லுதேன், தப்பு என்னோடது.”

சாவியை நீட்டினார். எப்போதும் அவன் இவன் என்றுதான் அவர் சொல்வார். அன்றைக்கு ‘அவர்’ என்று சொன்னதை நான் மட்டுமல்ல, எல்லோரும் கவனித்தார்கள். கூட்டத்தில் முதல் குரல் பேச்சியம்மாளுடையது. பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்து, “ஏட்டி, நல்லாக் கேட்டுக்கிட்டியா? எங்க வீட்டுல வெறகு அடுப்புதாண்டி!” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தது அவளுக்கு. சுற்றி நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள், இந்தத் தடவை அவளோடு சேர்ந்து. எனக்குக் கையில் பிடித்திருந்த டீ மங்கலாகத் தெரிந்தது.

செல்லையா சாவியை வாங்கிக்கொண்டார். உடனே வண்டியில் ஏறவில்லை.

“மொதலாளி, ஒண்ணே ஒண்ணு. இனிமே ஞாயித்துக்கெழம பானெட்டத் தெறந்தீகன்னா, என்னையும் கூப்புடணும். நான் பக்கத்துல நிக்கேன்.”

“கூப்புடுதேன்,” என்றார் முதலாளி.

மில் வேலையும் நிற்கவில்லை. அடுத்த வாரமே வேன் வந்தது, எதுவும் நடக்காத மாதிரி. ஆகையால் இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தைரியம் கியிரியம் ஒன்றும் இல்லை. கோளாறைக் கண்டதும் கை வைக்காதீர்கள், அது யாருடையதோ அவர் கண்ணால் பார்க்கட்டும். உங்கள் பெட்டி திரையில் காட்டுகிற கோளாறையும் அழிப்பதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாக முதலாளி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அதே கார், பானெட் திறந்திருந்தது. முதலாளி டைமிங் லைட்டைப் பிடித்துக் குனிந்திருந்தார், பக்கத்தில் செல்லையா. வேலை முடிந்தது. குழாயை மாட்டுவதற்கு முன்னால் முதலாளி நிமிராமலே கேட்டார்.

“பஞ்சு?”

செல்லையா தன் உள்ளங்கையை விரித்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். கிரீஸ் தடவிய திரி அதில் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் குழாயை மாட்டினார். செல்லையா பானெட்டை மூடினார்.